இந்த மூலைக்கு விலை வந்தது யாரால்?

நூறு ரூபாய்க்கு ஒரு கட்டடம் கைமாறினால் அரசுக்கு ஒன்பது ரூபாய். முத்திரைத் தீர்வையும் சொத்து மாற்ற வரியும் சேர்ந்து ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு. தரகருக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. பத்திரம் எழுதியவருக்கு அவர் கூலி. சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்குக்கூட அன்று மதியம் நல்ல சாப்பாடு. மிச்சம் மொத்தமும் விற்றவருக்கு. நான் அந்தக் கட்டடத்தில் கடை வைத்திருப்பவன். எனக்கு என்ன என்று கேட்டேன். மூன்று மாத அவகாசம் என்றார்கள். அதையும் சட்டப்படி தரவேண்டியதில்லை, பாவம் பார்த்துத் தருகிறோம் என்று சொல்லித்தான் தந்தார்கள்.

திருநெல்வேலி ஜங்ஷனில், பஸ் ஸ்டாண்டிலிருந்து ரயில்வே ஸ்டேஷனுக்கு ஆள் நடக்கிற வழியில் எங்கள் கடை. சூட்கேஸ், டிராலி, ஸ்கூல் பேக், ரெக்சின் பை, குடை. ஜிப் ரன்னர் மாற்றித் தருவோம், அறுந்த கைப்பிடியைத் தைத்துத் தருவோம். அப்பா இங்கே வந்து உட்கார்ந்தது ஈரடுக்கு மேம்பாலம் திறந்த வருஷம், 1973. அன்றைக்கு இந்த வரிசையில் சாயங்காலமானால் விளக்குப் போட ஆளில்லை. ஒரு சைக்கிள் கடையும் ஒரு சோடாக் கடையும்தான். கட்டடத்துக்காரப் பெரியவர் வாசலில் நின்று, வாடகைக்கு யாராவது வந்தால் போதும் என்று ஆள் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. அவரே என்னிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்: "ஒங்க அப்பா வரலன்னா இந்த ரூம்ல நான் வைக்கோல்தான் அடச்சு வச்சிருப்பேன்."

வைக்கோல் அடைக்க இருந்த அறைக்குத்தான் இன்று கோடியில் விலை பேசி முடித்திருக்கிறார்கள். அந்த விலை எங்கிருந்து வந்தது? செங்கல்லும் சுண்ணாம்பும் அதே பழையவை. மேற்கூரையில் ஒழுகுகிற இடம்கூட அதேதான். இடத்தை விளம்பரப்படுத்தியபோது தரகர் போட்டிருந்த வாசகம் எனக்கு மனப்பாடம்: "ஆள் நடமாட்டம் மிகுந்த வணிகப் பகுதி." அந்த ஆட்களை இங்கே நடக்க வைத்தது யார்? சென்னைக்குக் காலேஜ் படிக்கப் போகிற பெண்ணுக்கு முதல் டிராலி வாங்க மானூரிலிருந்து பஸ் ஏறி வந்த தகப்பனார் எங்களைத் தேடித்தான் வந்தார். துபாய்க்கு விசா வந்த மேலப்பாளையத்துப் பையன், முப்பது கிலோ ஏற்றினாலும் சக்கரம் கழலாத பெட்டி கேட்டு எங்களிடம்தான் வந்தான். நெல்லை எக்ஸ்பிரஸ் கிளம்பப் போகிற நேரத்தில் ஜிப் பிய்ந்த பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடி வருகிறவர்கள் இந்தப் படியில்தான் ஏறினார்கள். பக்கத்தில் வாட்ச் ரிப்பேர்காரர், அவரை அடுத்து டீக்கடை, கோடியில் சட்டை ஆல்ட்டர் செய்கிற டெய்லர். வாட்ச் கொடுக்க வந்தவர் டீ குடித்தார், டீ குடிக்க வந்தவர் குடை வாங்கினார். இரண்டு தலைமுறையாக இப்படி ஆள் சேர்ந்து சேர்ந்துதான் இந்த மூலை மூலையானது. கட்டடத்துக்காரர் மாதா மாதம் ஐந்தாம் தேதி வந்து வாடகை வாங்கிக்கொண்டு போனார். அவர் செய்தது அவ்வளவுதான்.

நல்ல காலத்தை மட்டும் சொல்லிவிட்டு ஓட மாட்டேன். கெட்ட காலத்தைத்தான் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள்.

ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் திருநெல்வேலி சேர்ந்தது 2017-இல். ஊர் பொலிவுறப் போகிறது என்று நாங்களும்தான் சந்தோஷப்பட்டோம். அடுத்த ஆண்டு இறுதியில் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டை மூடி இடித்தார்கள். சீக்கிரம் கட்டிவிடுவோம் என்றார்கள். அடித்தளத்துக்குத் தோண்டிய குழியிலிருந்து வந்த ஆற்று மணல் எங்கே போகிறது என்று ஒரு தகராறு எழுந்து, அது மதுரை உயர் நீதிமன்றக் கிளைக்குப் போய், வேலை நின்றது. ஆறு வருஷத்துக்கும் மேலாக எங்கள் கண்ணுக்கு எதிரே தகரத் தடுப்பு. டவுன் பஸ்கள் ரோட்டோரம் கண்ட இடத்தில் ஆளை இறக்கிவிட்டு ஓடின. சுத்தமல்லி பஸ் எங்கே நிற்கும், சீவலப்பேரி பஸ் எங்கே நிற்கும் என்று வெயிலில் தேடி அலைகிற மனிதருக்குக் கடை வாசலில் நின்று பெட்டி பார்க்க ஏது பொறுமை? 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனது. கலெக்டர் ஆபீசுக்கு வேலையாக வந்து, போகிற வழியில் பிள்ளைக்குப் பை வாங்கிப் போன சங்கரன்கோவில்காரர்களும் தென்காசிக்காரர்களும் குறைந்தார்கள். வண்ணார்பேட்டையில் பெரிய பெரிய கடைகள் வந்தன. ஏ.சி. போட்டு, கார் நிறுத்த இடம் விட்டு, ஜனத்தை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டன. அப்புறம் 2020. ஊரடங்கில் ஷட்டர் இறங்கியது. பள்ளிக்கூடம் திறக்காத ஜூன் மாதம் ஸ்கூல் பேக் வியாபாரிக்கு என்ன மாதம் என்று யாரும் கேட்கவில்லை.

போணி ஆகாமலே கடையைப் பூட்டிய நாட்கள் உண்டு. வாடகை கொடுக்காத மாதம் ஒன்று உண்டா? சொல்லச் சொல்லுங்கள். ஊரடங்கு மாதங்களின் வாடகையைக்கூடத் தவணை போட்டு வாங்கிக்கொண்டார்கள். 2022-இல் சொத்து வரியை ஏற்றினார்கள். சென்னைக்கு வெளியே உள்ள மாநகராட்சிகளில் வணிகக் கட்டடத்துக்கு நூறு சதவீதம் ஏற்றம். "வரி கூடிருச்சு அண்ணாச்சி, எல்லாரும் பகிர்ந்துக்கிடுவோம்" என்று வாடகையைக் கூட்டினார் பெரியவரின் மூத்த மகன். பகிர்ந்துகொண்டோம். வரி ஏறும்போது நாங்கள் ஒரே குடும்பம். விலை ஏறும்போது மட்டும் நான் யாரோ.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷனுக்குள் வந்தது. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் என்று மூன்றையும் நம்பி இறக்கிய சரக்கு கீழ்த்தட்டில் இருந்தது. பெட்டியின் உள்ளட்டை தண்ணீரில் ஊறினால் அது பெட்டி இல்லை, குப்பை. தையல் மிஷினின் மோட்டாருக்குள் சேறு. தெரு முழுக்க அவரவர் கடையிலிருந்து அவரவர் முதலை வாளியில் அள்ளி வெளியே கொட்டிக்கொண்டிருந்தோம். சுவரில் சேறு படிந்த கோட்டைக் காட்டி, இந்த மாதம் வாடகையில் ஏதாவது பாருங்களேன் என்று போனில் கேட்டேன். "மழ என்ன நான் பெஞ்சதா அண்ணாச்சி?" என்றார் மகன். சுவருக்கு நாங்களே சுண்ணாம்பு அடித்தோம். அவர் கட்டடச் சுவருக்கு, எங்கள் காசில்.

அப்புறம் 2025-இல் பஸ் ஸ்டாண்ட் திறந்தது. தகரம் போயிற்று. பஸ்கள் திரும்பி வந்தன. முதல் வாரம் டீக்கடைக்காரர் எல்லோருக்கும் காசு வாங்காமல் டீ கொடுத்தார். இனி நமக்கு விடிந்தது என்று வாட்ச் ரிப்பேர்காரர் போர்டுக்குப் புதுப் பெயின்ட் அடித்தார். நானும் கடன் வாங்கிச் சரக்கு நிரப்பினேன். ஆனால் எங்களுக்கு முன்னால் வேறு ஒரு கூட்டம் கணக்குப் போட்டுவிட்டது. இடத்துக்கு டேப் பிடித்து அளக்க ஆட்கள் வந்தார்கள். எதற்கு அளக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, "சும்மா பாக்கோம்" என்றார்கள். பஸ் வராத வருஷங்கள் முழுக்க இந்தக் கட்டடத்தைக் கேட்டு ஒரு தரகர் படி ஏறவில்லை. அந்த வருஷங்களில் இந்த மூலையைப் பூட்டிக்கொண்டு நாங்களும் போயிருந்தால் இது இருட்டு மூலை. விளக்கைப் போட்டு, வாசலைப் பெருக்கி, நஷ்டத்தைத் தின்றுகொண்டு உயிரோடு வைத்திருந்தோம். பஸ் வந்ததும் விலை வந்தது. விலை வந்ததும் நாங்கள் வேண்டாதவர்கள் ஆனோம்.

விற்றதை விற்றவர் சொல்லவில்லை. வாங்கியவரின் ஆள் வந்து சொன்னார். பிறகு நான் போன் போட்டபோது மகன் சொன்னது இது: "தப்பா நெனைக்காதீங்க அண்ணாச்சி. அப்பா போனதுக்கு அப்புறம் எங்களால பாத்துக்கிட முடியல. நல்ல வெல வந்துச்சு, முடிச்சிட்டோம்." எங்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால்? நான்கு கடைக்காரர்களும் சேர்ந்து, ஊரில் நிலத்தை விற்று, பேங்கில் கடன் வாங்கி, முடிந்த விலை சொல்லியிருப்போம். ஒருவேளை எட்டியிருக்காது. கேட்கவாவது கேட்டிருக்கலாம் அல்லவா? தெருவில் போகிற தரகருக்குத் தெரிந்த செய்தி, உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியவில்லை.

வாங்கியவர்கள் வில்லங்கம் போட்டுப் பார்த்தார்களாம். முப்பது வருஷத்துக்குப் பார்த்தார்களாம். சுத்தமாக இருந்ததாம். அடமானம் இல்லை, வழக்கு இல்லை, பாகத்தகராறு இல்லை. அந்தச் சுத்தமான சொத்துக்குள்ளே நான்கு குடும்பங்கள் உட்கார்ந்திருக்கின்றன. சார்பதிவாளர் அலுவலகத்தின் எந்த ஏட்டிலும் எங்கள் பெயர் இல்லை. எல்லைகளைப் பத்திரத்தில் எழுதினார்கள்: கிழக்கே இன்னார் கட்டடம், மேற்கே சந்து, வடக்கே ரோடு. சந்துக்கு இருக்கிற இடம்கூட அந்தப் பத்திரத்தில் எனக்கு இல்லை.

அட்வான்ஸ் விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நெஞ்சு ஆறாது. 1973-இல் அம்மாவின் நகையை அடகு வைத்து அப்பா கொடுத்தது இரண்டாயிரம் ரூபாய். அன்றைய விலைக்கு அது பவுன் கணக்கில் தங்கம். வட்டி கிடையாது. அந்தப் பணம் இத்தனை காலமும் அவர்கள் கையில் இருந்தது. அதை இப்போது அதே இரண்டாயிரமாகத் திருப்பித் தருகிறார்களாம், பிறகு கூட்டிக் கொடுத்ததையும் சேர்த்து. அந்த இரண்டாயிரத்துக்கு இன்றைக்குக் கால் கிராம் தங்கம் வராது. அவர்கள் கட்டடத்தின் மதிப்பு வருஷத்தோடு வளரும். அப்பாவின் பணம் மட்டும் 1973-லேயே நிற்க வேண்டும்.

வக்கீலிடம் போனேன். என் ஆத்திரம் அங்கேதான் இரட்டிப்பானது.

அப்பா காலத்தில் 1960-ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தது. அதைக் கட்டடத்துக்காரர்கள் திட்டாத திட்டில்லை. அவர்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். சொற்ப வாடகையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தவர்களும் உண்டு. வழக்கு முடியக் கட்டடத்துக்காரர் காலம் முடிந்த கதைகளும் உண்டு. ஆனால் அந்தச் சட்டத்தில் சில பிடிமானங்கள் இருந்தன. வணிகக் கட்டடத்தின் நியாய வாடகை, கட்டடத்தின் மொத்த மதிப்பில் வருஷத்துக்குப் பன்னிரண்டு சதவீதம் என்று ஓர் அளவு இருந்தது. இடித்துக் கட்டப் போகிறேன் என்று சொல்லிக் காலி செய்ய வைத்தவர், ஒரு மாதத்துக்குள் இடிக்கத் தொடங்காவிட்டால், வாடகைதாரர் இடத்தைத் திரும்பக் கேட்க வழி இருந்தது. போகட்டும், அந்தச் சட்டம் போயிற்று. அதன் இடத்தில் 2017-ஆம் ஆண்டின் 42-ஆம் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. எல்லா வாடகையும் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்கிறது. நல்ல ஏற்பாடுதான். அந்தச் செய்தி பேப்பரில் வந்ததும் ஸ்டாம்பு பேப்பர் வாங்கிக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனேன்.

"நமக்குள்ள எதுக்குவே பேப்பரு? ஒங்க அப்பா காலத்துல பேப்பரா எழுதினோம்?"

அன்பாகத்தான் சொன்னார். காபி கொடுத்து அனுப்பினார். எழுதிப் பதிந்தால் வாடகை எவ்வளவு என்று வெளியே தெரியும், வருமான வரிக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பது அவருக்குத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகனுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். நான் வற்புறுத்தினால் சந்தேகப்படுகிறான் என்பார்கள். இப்போது வக்கீல் சொல்கிறார்: எழுத்து ஒப்பந்தம் இல்லை, அதையே காரணமாகக் காட்டி அவர்கள் வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம், தீர்ப்புகளும் அந்தப் பக்கம்தான் நிற்கின்றன. எழுதித் தர மறுத்தது அவர்கள். எழுதாததற்கு வெளியேற வேண்டியது நான். புதுச் சட்டமே வேண்டாம், 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தைப் பார்த்தாலும் மாத வாடகைக் கடைக்குப் பதினைந்து நாள் நோட்டீஸ் போதும் என்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பதினைந்து நாள். ஐம்பது வருஷக் கடைக்கும் அதே பதினைந்து, ஐந்து மாதக் கடைக்கும் அதே பதினைந்து.

இதுதான் உலக வழக்கம் என்று என்னிடம் வந்து சொல்லாதீர்கள். நாட்டின் மற்றச் சட்டங்கள் வேறு விதமாகப் பேசுகின்றன. நாளைக்கே ரோடு அகலப்படுத்த அரசாங்கம் இதே கட்டடத்தை எடுத்தால் என்ன நடக்கும் தெரியுமா? 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம், சொந்த நிலம் இல்லாவிட்டாலும் மூன்று வருஷமாக அங்கே வாடகைதாரராகவோ கைவினைஞராகவோ பிழைத்தவரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று எண்ணுகிறது. சிறு வியாபாரிக்குக் குறைந்தது இருபத்தைந்தாயிரம் ரூபாயாவது கொடு என்கிறது. அது பெரிய தொகை என்று சொல்ல வரவில்லை. "இங்கே ஒரு மனிதன் பிழைத்துக்கொண்டிருந்தான்" என்று ஒரு சட்டம் ஒத்துக்கொள்கிறதே, அதைச் சொல்கிறேன். அரசாங்கம் எடுத்தால் நான் பாதிக்கப்பட்டவன். கட்டடக் கம்பெனி எடுத்தால் நான் யாருமில்லை.

ரோட்டோரத்தில் தள்ளுவண்டி போடுகிறவருக்கு 2014-இல் ஒரு சட்டம் வந்தது. முப்பது நாள் முன்னறிவிப்பு இல்லாமல் அவரை அகற்றக் கூடாது, எங்கே விற்பது என்று முடிவு செய்யும் குழுவில் பத்துக்கு நான்கு பேர் அவர்களிலிருந்தே வர வேண்டும் என்கிறது. நன்றாக இருக்கட்டும், அவர் வயிறும் வயிறுதான். அதுவும் போகட்டும், 1921-இலேயே இந்த மாகாணத்தில் ஒரு குடியிருப்போர் பாதுகாப்புச் சட்டம் போட்டார்கள். காலி மனையை வாடகைக்கு எடுத்து அதன்மேல் தன் காசில் கட்டடம் எழுப்பியவனைச் சும்மா எழுப்பக் கூடாது, கட்டடத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றது. அந்த மனையையே விலைக்குக் கேட்கவும் அவனுக்கு வழி வைத்தது. கல்லை அடுக்கியவனுக்கு ஒரு பாத்தியதை உண்டு என்று நூறு வருஷத்துக்கு முன்பே புரிந்திருக்கிறது. ஆளைச் சேர்த்தவனுக்கும் உண்டு என்பது இன்னும் புரியவில்லை. கல்லைவிட ஆள்தானே இன்று விலை?

பம்பாயைப் பாருங்கள். நம் ஊர்க்காரர்கள் லட்சக்கணக்கில் போய்ப் பிழைக்கிற ஊர். அங்கே வாடகை உரிமை கைமாறும்போது வாங்குகிற பகடி ரகசியக் காசு இல்லை. 1999-ஆம் வருஷத்து மகாராஷ்டிர வாடகைச் சட்டம் அதைச் சட்டப்படியே ஒத்துக்கொண்டது. வாடகை உரிமையை விட்டுக்கொடுக்கிறவன் அதற்கு விலை வாங்கலாம். செஸ் வரி கட்டுகிற பழைய கட்டடங்களை இடித்துக் கட்டினால் பழைய வாடகைதாரருக்கு, கடைக்காரருக்கும்தான், புதுக் கட்டடத்தில் இடம் கொடுத்துவிட்டுத்தான் மிச்சத்தை விற்க முடியும். இங்கிலாந்தில் 1954-லிருந்தே, கட்டடத்தை இடிக்கக் கடையைக் காலி செய்யச் சொன்னால் கடைக்காரனுக்கு நஷ்டஈடு உண்டு. பதினான்கு வருஷம் கடை நடத்தியிருந்தால் இரண்டு பங்கு. அவர்கள் எல்லாம் முட்டாள்களா? அங்கெல்லாம் கட்டடம் கட்டாமல் நின்றுபோயிற்றா?

புதுக் கட்டடத்தின் படத்தைக் காட்டினார்கள். கம்ப்யூட்டரில் வரைந்தது. முன்னால் கண்ணாடி, வாசலில் ஒரு தென்னை, நடந்து போகிற நான்கு பேர். நம் ஊர் முகம் ஒன்றுகூட அதில் இல்லை. ஏன் இடிக்கிறார்கள் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 2019-இல் வந்த கட்டட விதிகள் மனைப் பரப்பைப் போல் ஒன்றரை மடங்கு வரை கட்டலாம் என்றிருந்ததை இரண்டு மடங்காக்கின. மாடி ஒன்று மட்டும் உள்ள எங்கள் பழைய கட்டடம் அந்தக் கணக்கில் வீணாகப் போகிற இடம். கீழே கார் நிறுத்தம், மேலே ஷோரூம், அதற்கு மேலே ஆபீஸ், அதற்கும் மேலே லாட்ஜ். கார் நிறுத்துகிற இடத்தில்தான் இப்போது எங்கள் நான்கு கடைகள் இருக்கின்றன. உள்ளே ஒரு கடை எனக்குக் கிடைக்குமா என்று கேட்டேன். வாங்கியவரின் ஆள் மரியாதையாகத்தான் பேசினார். சதுர அடி வாடகை சொன்னார், அதன்மேல் பதினெட்டு சதவீதம் ஜிஎஸ்டி, பராமரிப்புக் கட்டணம் தனி, பத்து மாத அட்வான்ஸ். நான் பெட்டி விற்று அதைக் கொடுக்க வேண்டுமானால் நெல்லை எக்ஸ்பிரசில் ஏறுகிற ஒவ்வொருவரும் தினமும் ஒரு பெட்டி வாங்க வேண்டும். "பெரிய பிராண்டுங்க கேட்டிருக்காங்க அண்ணாச்சி" என்றார். எந்த பிராண்டு வந்தாலும் வரட்டும். இந்த இடத்துக்கு ஆள் வரும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது யார்?

"வேற இடம் பாத்துக்கிட வேண்டியதுதானே" என்கிறார்கள், சொந்தக்காரர்கள் உட்பட. சொல்வது சுலபம். கடை என்றால் ஷட்டரும் அலமாரியும் என்று நினைக்கிறார்கள். ஆலமரத்தைப் பெயர்த்து லாரியில் ஏற்றி வேறு ஊரில் நடச் சொல்வதும் இதுவும் ஒன்று. ஜிப் போன பெட்டியோடு ரயிலுக்கு ஓடுகிறவன் ரயிலடியில்தான் என்னைத் தேடுவான், பெருமாள்புரத்தில் தேட மாட்டான். பையைத் தைக்கக் கொடுத்துவிட்டு அடுத்த மாதம் வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று போனவர்களின் பைகள் இன்னும் மேல்தட்டில் இருக்கின்றன. அவர்களுக்கு என் போன் நம்பர் தெரியாது, இந்தப் படிதான் தெரியும். மொத்த வியாபாரி எனக்கு மாதக்கடன் தருவது இந்த இடத்தை நம்பி. பேங்க் கடன் இந்த முகவரியில். ஜிஎஸ்டி பதிவு இந்த முகவரியில். புது இடத்தில் போணிக்குக் காத்திருக்க எனக்கு வயது இல்லை, என் மகனுக்குப் பொறுமை இல்லை. அவன் ஏற்கெனவே கோயம்புத்தூரில் வேலை தேடுகிறான்.

என் கதையையாவது சொல்ல எனக்கு வாய் இருக்கிறது. வாட்ச் ரிப்பேர்காரருக்கு அதுவும் இல்லை. அவர் உட்கார்ந்திருப்பது என் கடைக்கும் டீக்கடைக்கும் நடுவில் உள்ள மாடிப்படிக்குக் கீழே. உள்வாடகை. சட்டத்தின் பார்வையில் அவர் இருப்பதே குற்றம். ஒற்றைக் கண்ணில் லென்சைச் செருகிக்கொண்டு இந்த ஜங்ஷனின் நேரத்தை எல்லாம் சரி செய்தவர், இப்போது என்ன செய்வது என்று என்னைப் பார்க்கிறார். டெய்லரிடம் இரண்டு பெண்கள் காஜா எடுக்கிறார்கள். டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவருக்கு இரவில் படுக்கையும் அந்தக் கடைதான். இவர்களுக்கு யாரும் மூன்று மாதம்கூடச் சொல்லவில்லை. ஏனென்றால் இவர்கள் யார் என்றே வாங்கியவருக்குத் தெரியாது.

ஊர் வளர வேண்டாமா என்று கேட்பீர்கள். வளரட்டும். ஒழுகுகிற கூரையின் கீழ் நான் ஆசைப்பட்டா உட்கார்ந்திருக்கிறேன்? புதுக் கட்டடம் வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. வயதானவர்கள் ஏற லிஃப்ட் வேண்டும், தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டும், பெண்களுக்குக் கழிப்பறை வேண்டும். எல்லாம் எனக்கும் வேண்டும். என் கேள்வி வேறு. இடித்துக் கட்டுகிற ஒவ்வொரு முறையும் உள்ளே இருந்தவன் வெளியேதான் போக வேண்டும் என்று யார் எழுதி வைத்தார்கள்? பஸ் ஸ்டாண்டைக் கட்டியது மக்களின் வரிப்பணம். அது கட்டி முடியும்வரை பட்டினி கிடந்தது தெருவின் கடைக்காரர்கள். அந்த இரண்டும் சேர்ந்து உண்டாக்கிய விலையை, எதிலும் கை வைக்காத ஒருவர் பத்திரம் கையில் இருக்கிறது என்பதற்காக முழுதாக எடுத்துக்கொண்டு போவதற்கு வளர்ச்சி என்று பெயர் வைத்தால், அந்த வளர்ச்சி என் சரக்கை நனைத்த வெள்ளத்தைவிட மோசம். வெள்ளம் சரக்கைத்தான் கொண்டுபோனது. இடத்தை விட்டுவிட்டுப் போனது.

கேட்பதை உரக்கவே கேட்கிறேன். பத்து வருஷத்துக்கு மேல் ஒருவர் கடை நடத்துகிற கட்டடம் விற்பனைக்கு வந்தால், முதலில் அவரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். அவர் தனியாகவோ பக்கத்துக் கடைகளோடு சேர்ந்தோ வாங்க ஒரு தவணை தர வேண்டும். கட்டடத்துக்காரர் எழுதித் தர மறுத்தாலும், வாடகை கொடுத்த ரசீதையும் கரண்ட் பில்லையும் வைத்து வாடகைதாரரே தன் வாடகையைப் பதிந்துகொள்ள வழி வேண்டும், அது வில்லங்கச் சான்றில் வர வேண்டும். வாங்குகிறவர் உள்ளே ஆள் இருப்பதைத் தெரிந்தே வாங்கட்டும். இடித்துக் கட்டினால் கீழ்த்தளத்தில் அதே அளவு இடம், சில வருஷத்துக்காவது எட்டக்கூடிய வாடகையில். அது முடியாது என்றால், கடை நடத்திய வருஷத்துக்கு ஏற்ற ஈட்டுத்தொகையைப் பத்திரம் பதிவதற்கு முன்பே கட்ட வைக்க வேண்டும். ஒன்பது ரூபாய் வாங்காமல் பதியாத அலுவலகத்துக்கு இது ஒன்றும் பெரிய வேலை இல்லை.

இதெல்லாம் எனக்குக் கிடைக்காது என்று தெரியும். சட்டம் வருவதற்குள் என் கடை கார் நிறுத்துமிடம் ஆகிவிடும். ஆனாலும் கெடு முடியும் அன்று சாவி கேட்டு வருகிறவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன், வெறும் கையோடு வர வேண்டாம். பஸ் வராத வருஷங்களில் இந்த நான்கு கடைகளும் கொடுத்த வாடகையை ஒரு பக்கம் எழுதுங்கள். பஸ் வந்த பிறகு ஏறிய விலையை மறு பக்கம் எழுதுங்கள். அந்த ஏற்றத்தில் எங்கள் பங்கு சுழியம் என்று கணக்குப் போட்டு, கீழே உங்கள் கையெழுத்தைப் போட்டு, வாட்ச் ரிப்பேர்காரர் கையிலும் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறவர் கையிலும் டெய்லர் கையிலும் என் கையிலும் ஆளுக்கொரு நகல் கொடுங்கள். இருப்பவனைக் காலி செய்ய வைக்கிற துணிவு இருக்கிறது. அதை எழுதிக் கையெழுத்துப் போடுகிற துணிவும் இருக்கிறதா என்று பார்ப்போம்.